அம்மாவின் கையில் ஒரு காசு

அம்மா அதைக் காசு என்றுதான் சொல்வாள். "காசு மாத்தற நாளு இன்னிக்குத்தானேடி?" என்று காலைக் காப்பிக்கு முன்பே கேட்டுவிட்டாள். பதினான்கு நாளைக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் நடக்கிற சின்னச் சடங்கு இது. முற்றத்து வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்காருவாள். ஒருமுறை இடது கை, மறுமுறை வலது கை. அதை மடக்கி எதிர்த் தோளில் வைத்துக்கொள்வாள். மேற்கையின் பின்புறம், சதை மெத்தென்று இருக்கும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பேன். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது என்பதால், அது காயும்வரை இருவரும் பேசாமல் இருப்போம். பிறகு, மூடி கழற்றிய சிறு கிண்ணம் போன்ற கருவியைத் தோலில் வைத்து ஓர் அழுத்து. டக்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

அம்மாவுக்குச் சுகர் வந்து பதினெட்டு வருஷம். மாற்றி மாற்றிக் குத்தியதில் விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தன. பூத்தொடுக்கும்போது மல்லிகைக் காம்பு விரலில் படுவதே தெரியவில்லை என்று ஒருநாள் சொன்னாள். விரலைக் குத்துவதற்குப் பதில், சர்க்கரையைக் கையிலேயே அளக்கிற இந்தக் காசுக்கு மாறிவிடுவதென்று அன்றைக்கு முடிவு செய்தேன். மருத்துவர்கள் இதைத் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு என்கிறார்கள். மருந்துக்கடையில் சென்சார் என்றால் போதும். 35 மில்லிமீட்டர் குறுக்களவு, 5 மில்லிமீட்டர் கனம், எடை 5 கிராம் அளவு. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம், ஆனால் அதைவிட லேசு. அம்மா வைத்த பெயர் பொருத்தமானதுதான்.

எண்ணெய்க் கடைகளில் 'நயம் நல்லெண்ணெய்' என்று எழுதி வைத்திருப்பார்கள். கலப்பில்லாத, ஒவ்வொரு சொட்டிலும் பக்குவம் தெரிகிற பொருளுக்கு அந்தச் சொல். அந்தப் பொருளில்தான் இந்தக் காசை நயம் என்கிறேன். இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், இதன் அழகு எனக்கு இன்னும் தீரவில்லை.

முதலில் அந்த 'டக்'. உள்ளே போவது ஊசி, ஆனால் ஊசி அங்கே தங்குவதில்லை. ஒரு பக்கம் திறந்த வாய்க்காலைப் போல வளைந்த ஊசி அது. அந்தப் பள்ளத்துக்குள் ஓர் இழை படுத்திருக்கிறது. சுருள்வில் தள்ள, இரண்டும் சேர்ந்து தோலைத் தாண்டும். அடுத்த கணமே ஊசி மட்டும் வந்த வழியே திரும்பிவிடும். அரை மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத, ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள இழை உள்ளே நின்றுகொள்ளும். இழை வளைந்துகொடுக்கிற ஜாதி. அதனால் அது தனியாகத் தோலைத் துளைக்க முடியாது. அதே குணத்தால்தான் பதினான்கு நாள் சதையோடு சதையாக உறுத்தாமல் இருக்கவும் முடிகிறது. புது மருமகளை வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிட்டு, காப்பிக்குக்கூட நிற்காமல் திண்ணையிலேயே விடைபெறுகிற தாய்மாமனைப் போன்றது அந்த ஊசி.

ஒட்டியதும் வேலை தொடங்காது. ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். உள்ளே ஒரு நுண்ணிய காயம் பட்டிருக்கிறது. 'யார் நீ?' என்று உடம்பு விசாரிக்கிறது. அந்த விசாரணை அடங்கும்வரை சொல்கிற எண்ணில் தடுமாற்றம் இருக்கும். முதல் நாள் முழுக்கவே அம்மாவின் எண்களை நான் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் பார்ப்பேன்.

இந்த இழை இரத்தத்தைத் தொடுவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. இரத்தக் குழாய்களுக்கு வெளியே, செல்களுக்கு நடுவே ஊறிக் கிடக்கிற நீர் ஒன்று உண்டு. இழை நனைவது அதில்தான். காவிரிப் படுகையில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மதகு திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் உடனே வந்துவிடும். நடு வயலில் நிற்கிற பயிரின் கால் நனைய இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். இரத்தம் வாய்க்கால், இந்தத் திசுநீர் வயல். வாய்க்காலில் ஏறியது வயலுக்கு வர ஐந்து, பத்து நிமிடம் ஆகும். இறங்குவதும் அப்படியே.

ஒரு மாலை, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட அம்மா, கோயிலுக்கு நடந்துபோய்த் திரும்பினாள். "கை நடுங்குதுடி" என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காசோடு இணைத்த போனில் 84 என்று காட்டியது. பயப்படத் தேவையில்லாத எண். ஆனால் பக்கத்தில் இருந்த அம்புக்குறி செங்குத்தாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. பழைய மீட்டரை எடுத்து விரலில் குத்தினால் 67. வயல் இன்னும் நனைந்திருந்தது, வாய்க்கால் அதற்குள் வற்றத் தொடங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டே அந்த அம்புக்குறியை நினைத்தேன். எண் பின்தங்கியிருந்தாலும் போக்கை அது சரியாகச் சொல்லியிருந்தது.

இனி, நான் மிகவும் ரசிக்கிற இடம். இதை வெங்காயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மழைக்காலத்தில் வாங்கிய வெங்காயத்தை உரிக்கும்போது, வெளித்தோலுக்கு அடியில் கறுப்பாக மை போலப் படிந்திருக்கும். விரலில் ஒட்டும். அம்மா அதைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிட்டு மேலே உரிப்பாள். அது ஒரு பூஞ்சை, பெயர் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர். 1928இல் டெட்லெவ் முல்லர் என்பவர் இந்தப் பூஞ்சையில் ஒரு நொதியைக் கண்டார். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ். அம்மா கையிலிருக்கிற இழையின் நுனியில் பூசியிருப்பது இந்த நொதிதான். இன்றும் இதைப் பெரும்பாலும் அந்தப் பூஞ்சைக் குலத்திடமிருந்தே எடுக்கிறார்கள். அம்மா கழுவித் தள்ளுகிற கறுப்புத் தூளுக்கும், அவள் கையிலிருந்து எண் சொல்கிற காசுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். தேனீயிடமும் இந்த நொதி உண்டு. தேன் எளிதில் கெடாமல் இருப்பதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

பூஞ்சையின் நொதியை எதற்குத் தேட வேண்டும்? திசுநீரில் கரைந்து கிடப்பவை ஆயிரம். உப்புகள், புரதங்கள், கொழுப்பு, யூரியா, தின்ற மாத்திரைகளின் மிச்சம் எல்லாம் அதில்தான். அந்தக் கூட்டத்தில் குளுக்கோஸை மட்டும் கைபிடித்து இழுக்க வேண்டும். அம்மா முறத்தில் அரிசி புடைக்கும்போது, அதே நிறம், அதே அளவு உள்ள வெள்ளைக் கல்லைச் சுண்டி எறிவாள், நமக்குக் கண்ணுக்கே தெரியாது. நொதியின் தேர்வு அதைவிட நுணுக்கமானது. குளுக்கோஸிலேயே ஆல்பா, பீட்டா என்று இரு வடிவங்கள் உண்டு. வித்தியாசம், ஓர் ஓரத்தில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும்தான். நொதி பீட்டாவைப் பிடிக்கும், ஆல்பாவை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. ஒரு கை திரும்பியிருப்பதைத் தடவிப் பார்த்தே அறிகிற பொருளைப் பூஞ்சை தன் பிழைப்புக்காகச் செய்து வைத்திருக்கிறது. அதை நாம் கடன் வாங்கியிருக்கிறோம்.

பிடித்த குளுக்கோஸ் ஒவ்வொன்றிலிருந்தும் நொதி இரண்டு எலக்ட்ரான்களைக் கறந்துகொள்ளும். அவற்றை எண்ணினால் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் எண்ணுவதுதான் பெரும்பாடு. 1962இல் அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முதல் யோசனையைச் சொன்னார்கள்: மின்முனைமேல் நொதியைச் சவ்வுக்குள் வைத்துப் பிடி, நொதி தன் வேலைக்கு எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது என்று அள. இன்றைய சென்சார்கள் எல்லாவற்றுக்கும் விதை அதுதான். ஆனால் தோலுக்கு அடியில் குளுக்கோஸ் அளவுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. ஆக்ஸிஜனை நம்பி எண்ணினால் கணக்கு இடறும்.

எலக்ட்ரானை நேராக மின்முனைக்கே கொண்டுவந்துவிடலாமே என்றால், நொதி விடாது. எலக்ட்ரான் இருக்கும் அறை புரத மடிப்புகளுக்குள் ஒன்றரை நானோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எலக்ட்ரானுக்கு அது ஏழு கட்டுக் காவல். அங்கேதான் ஆடம் ஹெல்லர் வருகிறார். ருமேனியாவில் பிறந்து, சிறுவயதில் யூதப் படுகொலையிலிருந்து உயிர் தப்பியவர். பெல் ஆய்வுக்கூடத்திலும் பிறகு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்திலும் வேலை செய்தவர். ஆஸ்மியம் என்ற உலோக அணுக்களைத் தாங்கிய நெகிழ்வான பாலிமர் இழைகளை நொதியோடு பின்னிவிட்டார். கட்டடம் கட்டுகிற இடத்தில் சித்தாள்கள் ஏணியில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்கள். ஒருவரும் இடம்விட்டு நகர மாட்டார்கள், சட்டி மட்டும் கீழிருந்து மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆஸ்மியம் அணுக்கள் அப்படித்தான் நிற்கின்றன. எலக்ட்ரான் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறி மாறி மின்முனைக்கு வந்து சேர்கிறது. 'கம்பி போட்ட நொதி' என்று இதற்குப் பெயர். 1996இல் ஹெல்லரும் அவர் மகன் எஃப்ரேயிமும் தொடங்கிய தெராசென்ஸ் நிறுவனத்தை 2004இல் அபாட் வாங்கியது. அந்த வழியில் வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் 2014இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தபோது, சரிபார்ப்பதற்காக விரலில் குத்த வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

இந்தக் கைமாற்றலில் இன்னொரு நுட்பம் உண்டு. எலக்ட்ரானை இழுக்க மின்முனைக்கு ஓர் இழுவிசை வேண்டும். ஆக்ஸிஜன் வழியாக வரும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை அளக்கிற முறையில் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. பலமாக இழுத்தால் பக்கத்தில் நிற்பவையும் சேர்ந்து வந்துவிடும். காய்ச்சலுக்குப் போட்ட பாராசிட்டமாலைச் சர்க்கரை என்று சில பழைய கருவிகள் எண்ணியது இதனால்தான். ஆஸ்மியம் பாதையில் மெல்ல இழுத்தாலே போதும், பாராசிட்டமால் அசையாது. வைட்டமின் சி மாத்திரையைப் பெரிய அளவில் போட்டால் மட்டும் இன்றும் ஏமாறுகிற சென்சார்கள் உண்டு. வலிந்து இழுக்காததால் கிடைத்த சுத்தம் இது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நொதிக்கு மேலே ஒரு போர்வை, பாலிமர் சவ்வு. ஆடி வெள்ளியில் அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? கம்பித் தடுப்பு போட்டு, ஆட்களை வளைத்து வளைத்து விட்டால்தான் குருக்கள் எல்லோருக்கும் குங்குமம் கொடுக்க முடியும். தடுப்பில்லாமல் கூட்டம் மொத்தமாகச் சந்நிதியில் நுழைந்தால், வந்தது நூறு பேரா ஆயிரம் பேரா என்று குருக்கள் கொடுத்த குங்குமத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர் கை வேகம் ஒன்றுதானே. சவ்வு செய்வது அந்தத் தடுப்பின் வேலை. குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். அதனால் வெளியே இரட்டிப்பானால் உள்ளே மின்னோட்டமும் இரட்டிப்பாகும். 60க்கும் 300க்கும் ஒரே நேர்மையோடு கணக்குச் சொல்ல முடிவது இதனால்.

அந்த மின்னோட்டம் எவ்வளவு? நானோ ஆம்பியர் கணக்கில். ஒரு ஆம்பியரை நூறு கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு. போன் சார்ஜர் ஒரு ஆம்பியருக்கு மேலேயே தருகிறது. ஆனால் அந்த ஒரு பங்கிலேயே நொடிக்கு 624 கோடி எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. குளுக்கோஸுக்கு இரண்டு எலக்ட்ரான் என்றால், 312 கோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள். ஒவ்வொரு நொடியும். அம்மா தயிர் கடைகிறாள், தொலைக்காட்சி பார்க்கிறாள், அடுத்த வீட்டுக்காரியிடம் முருங்கைக்காய் கேட்கிறாள். ரவிக்கைக் கைக்குள் இந்த எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது.

தோலுக்கு அடியில் நடப்பதை வெளியில் சொல்கிற ரேடியோ பகுதியைப் பற்றி ஒன்று மட்டும். அது பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உடம்பில் பாதிக்கு மேல் நீர், அந்த நீர் இந்த அலையை விழுங்கிவிடும். அம்மா போனை வலது இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனால் இடது கையிலிருந்து வரும் செய்தி சிலசமயம் அறுந்துபோகும். நடுவே நிற்பது அவளேதான். திரும்பி நின்றால் மறுபடி வந்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை கண் விழித்து ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி தூங்குகிற வானொலி அது. பொத்தான் அளவு மின்கலம் பதினான்கு நாள் தாங்குவதன் ரகசியம் அந்தத் தூக்கம்தான்.

வலிக்காமல் அறிய முயன்றவர்கள் முன்பும் இருந்தார்கள். 2001இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச், தோலில் துளையிடாமல் மெல்லிய மின்சாரத்தால் குளுக்கோஸை வெளியே இழுத்துப் பார்த்தது. தோல் சிவந்து எரிந்தது, நிலைக்கவில்லை. 2016இல் பெர்க்லியில் வேர்வையிலிருந்தே சோடியம், பொட்டாசியம், லாக்டேட், குளுக்கோஸ் நான்கையும் சேர்த்து அளக்கும் பட்டையைச் செய்து காட்டினார்கள். வேர்வை பேசும் என்பது அழகான எண்ணம். ஆனால் அது வாய்க்காலுக்கு இன்னும் தூரத்து வயல்.

விரலில் குத்திப் பார்த்த காலத்தில் ஒரு நாளைக்கு நான்கு எண் கிடைக்கும். அம்மாவின் நோட்டில் அவை புள்ளிகளாக இருக்கும். புள்ளி வைத்துவிட்டுக் கம்பி இழுக்காமல் எழுந்துபோன கோலம் மாதிரி. இப்போது நாளுக்கு 1,440 அளவுகள். கோலம் முழுசாகிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க அம்மாவின் நாள் எனக்குப் புரிகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு, அவள் ஒன்றும் சாப்பிடாமல் தூங்கும்போதே கோடு மெல்ல ஏறத் தொடங்கும். எழப்போகிற உடம்புக்காகக் கல்லீரல் முன்கூட்டியே களஞ்சியக் கதவைத் திறக்கிறது. நான்கு இட்லிக்கு ஒரு குன்று. அதே இட்லியைப் பீன்ஸ் பொரியல் தின்ற பிறகு தின்றால் குன்று தணிகிறது. சாப்பிட்டுவிட்டுத் தெருக்கோடிவரை நடந்து வந்தால் குன்றின் தலை மழுங்கிவிடுகிறது. "பாத்தியா, நான் நடந்தது இதுல தெரியுது" என்று அம்மா விரல் வைத்துக் காட்டுவாள். அவள் நடையைக் கோடு கண்டுகொண்டதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஒருநாள் இரவு இரண்டரைக்குப் போன் அலறியது. 52. ஓடிப்போனேன். அம்மா இடது பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்கு அடியில் வைத்து, சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை இல்லை. மெதுவாகக் கையை எடுத்துவிட்டு நேராகப் படுக்கவைத்தேன். விரலில் குத்தியதில் 118. உடம்பின் எடை அழுத்தியதில் அந்த இடத்துத் திசுநீர் ஒதுங்கிவிட்டது. இழையைச் சுற்றிச் சர்க்கரை வருவது குறைந்துவிட்டது. இருபது நிமிடத்தில் கோடு தானாக ஏறி வந்தது. அன்றைக்கு எனக்கு எரிச்சல் வரவில்லை. அம்மா எந்தப் பக்கம் படுக்கிறாள் என்பதுகூட அந்த இழைக்குத் தெரிகிறதே என்று, விளக்கை அணைத்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவும் காசுக்கு இடம் கொடுத்துப் பழகிவிட்டாள். டெய்லரிடம் "ரெண்டு கையையும் ஒரு விரக்கட லூசா வச்சுத் தைங்க" என்று சொல்லித்தான் ரவிக்கை கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அந்த இடத்தைச் சுற்றி நான்கு விரல் அகலம் விட்டுவிடுவாள். குளிக்கிற தண்ணீரைப் பசை தாங்கும், நல்லெண்ணெயைத் தாங்காது. சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வந்து, காசு இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வாள்.

எனக்கு ஒரு குறை உண்டு. பதினான்கு நாளைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் சேர்ந்து சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி, இந்தியாவில் நீரிழிவோடு வாழ்கிறவர்கள் 10.1 கோடிப் பேர். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கும் சுகர்தான். அம்மாவின் கையைப் பார்த்து, "இது எனக்கும் ஒட்டலாமாம்மா?" என்று கேட்டார். விலையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் கூடுதலாக ஒன்று இருந்தது, ஒட்டிவிட்டேன். பழையசோறு தின்ற பிறகு தன் கோடு எப்படிப் போகிறது என்று பதினான்கு நாளும் ஆசையோடு வந்து பார்த்தார். பதினைந்தாம் நாள் அவர் கை வெறுங்கை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்று அம்மாவுக்குப் புதுக் காசு ஒட்டுவதற்கு முன், பழையதைக் கழற்றினேன். ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டால் வலிக்காமல் வரும். கழற்றியதைக் கவிழ்த்து முற்றத்து வெயிலில் பிடித்தேன். நடுவில், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரிகிற இழை, லேசாக வளைந்து நின்றது. அம்மாவின் தோலில் பசை விட்ட வட்டமும், அதன் நடுவில் கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளியும். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"எங்கடி இருந்துச்சுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு, வலது கையை மடக்கி இடது தோளில் வைத்துக்கொண்டாள்.